சூம் உறையும்போது எங்கே பார்ப்பது: 4ஜி வீட்டு இணைப்பில் வேகத்தைப் பங்கிடும் வழிமுறை

கொழும்பில் ஃபைபர் வந்து சேராத தொடர்மாடியோ வாடகை அனெக்ஸோ என்றால் மிஞ்சுவது 4ஜி ரவுட்டர்தான். வகுப்பு, வேலை, கனடாவுக்கான வீடியோ அழைப்பு, கமரா, ரீவி எல்லாம் ஒரே சிம்மில் ஓடும். ஏதாவது தடுமாறினால் உடனே பெரிய பக்கேஜுக்கு மாறுவார்கள். பல வீடுகளில் அது காசுக்குக் கேடு. நோய் அப்படியே இருக்கும். டேட்டா போகும் சிறு பொட்டலங்களான பாக்கெட்டுகள் வரிசையில் நின்று காத்திருக்கக்கூடிய இடங்கள் மூன்று: வீட்டு வைஃபை, ரவுட்டருக்குள் இருக்கும் மொடம், கோபுரம். எந்த இடத்தில் வரிசை நீள்கிறது என்று தெரியாமல் ரவுட்டர் பக்கத்தில் கியூஓஎஸ் (எந்தப் போக்குவரத்து முந்துவது என்று பிரிக்கும் வசதி) சுவிட்சைப் போடுவதும் போடாமல் விடுவதும் ஒன்றுதான்.

தொடுமுன் அளவெடுங்கள்

லப்டொப்பை ஈதர்நெட் வயரால் ரவுட்டருடன் இணைத்து, அதன் வைஃபையை நிறுத்துங்கள். வைஃபையில் எடுத்த அளவு இரண்டு நோய்களைக் கலந்து காட்டும். ஃபாஸ்ட் டொட் கொம் தளத்தில் மேலதிக விபரத்தைத் திறந்தால் சும்மா இருக்கும்போதுள்ள தாமதமும் சுமை ஏறியபோதுள்ள தாமதமும் தனித்தனியே தெரியும். ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் செயலி இன்னும் ஒரு படி மேலே போய், பதிவிறக்கத்தின்போது எவ்வளவு, பதிவேற்றத்தின்போது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 8.30 என மூன்று முறை எடுங்கள். இரண்டு நாள் எடுத்தால் இன்னும் நல்லது.

அதே நேரங்களில் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தையும் பாருங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.8.1 அல்லது 192.168.1.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். அதில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், பட்டை எண் (எந்த அலைவரிசைத் தொகுதி), பிசிஐ என்ற செல் எண் (கோபுரத்தின் எந்தப் பகுதி) ஆகிய நான்கையும் குறித்துவையுங்கள். ஆர்எஸ்ஆர்பி சிக்னலின் பலம்: −80 அருமை, −100 சமாளிக்கலாம், −110க்குக் கீழே போனால் விளிம்பில் நிற்கிறீர்கள். எஸ்ஐஎன்ஆர் அந்தச் சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது: 20க்கு மேல் மிக நல்லது, 10 அளவில் வேலை நடக்கும், 5க்குக் கீழே கஷ்டம். ரவுட்டரின் முகப்பில் எரியும் கோடுகள் பலத்தை மட்டும் பார்த்து எரிபவை. அவற்றை நம்பி ஒரு முடிவுக்கும் வர வேண்டாம்.

சும்மா இருக்கும்போது 40 மில்லிசெக்கன், சுமையில் 700 என்றால் அடுத்த பகுதியில் தொடங்குங்கள். காலையில் 40, இரவில் யாரும் எதுவும் செய்யாமலே 150 என்றால் கோபுரம் நிரம்பியிருக்கிறது. அது பிறகு வரும். வயரில் நன்றாக இருந்து வைஃபையில் மட்டும் தடுமாறினால் கோபுரத்தைத் திட்டிப் பயனில்லை.

"யாராவது படம் அனுப்பத் தொடங்கினால் வகுப்பு நின்றுபோகிறது"

இதுதான் அதிகம் காணப்படும் நோய். முழுதாகத் தீரக்கூடியதும் இதுதான். இதன் கிளை அறிகுறிகளும் உண்டு: நாங்கள் பேசுவது மறுமுனைக்குக் கேட்பதில்லை, அவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது, வேகச் சோதனை 20 எம்பிபிஎஸ் காட்டுகிறது, ஆனாலும் வட்ஸ்அப் அழைப்பு 'மீண்டும் இணைகிறது' என்கிறது.

காரணம் ஏற்றப் பாதையின், அதாவது பதிவேற்றம் போகும் வழியின், ஒடுக்கம். 2300 மெகாஹேர்ட்ஸின் பட்டை 40 போன்ற டிடிடி பட்டைகளில் இறக்கமும் ஏற்றமும் ஒரே அலைவரிசையை நேரத்தால் பங்கிட்டுக்கொள்கின்றன. 10 மில்லிசெக்கன் நீளமுள்ள ஒரு சட்டகத்தில் 10 துண்டுகள். அமைப்பு 2 என்னும் வகையில் அவற்றில் 6 இறக்கத்துக்கு, 2 ஏற்றத்துக்கு, மீதி 2 திசை மாறும் துண்டுகள். அந்த இரண்டுக்குள்தான் கோபுரத்தின் கீழுள்ள எல்லா வீடுகளும் அனுப்ப வேண்டும். அதுவும் ஒவ்வொரு ரவுட்டரும் முதலில் கேட்டு, அனுமதி வாங்கி அனுப்ப வேண்டும்.

கூகுள் ஃபோட்டோஸ் காப்பெடுக்கத் தொடங்கியதும் மொடம் தன்னிடம் வந்த பாக்கெட்டுகளைக் கைவிடாமல் அடுக்கிக்கொண்டே போகும். ஏற்றம் 3 எம்பிபிஎஸ், மொடத்தில் 1 மெகாபைட் அடுக்கு என்று வையுங்கள்: கடைசியில் வந்த பாக்கெட் வெளியேற ஏறத்தாழ 2.7 செக்கன் ஆகும். பிள்ளையின் குரலும் அந்த அடுக்கின் வாலில்தான் நிற்கும். இறக்கமும் சேர்ந்து படுத்துவிடுவது பலரைக் குழப்பும். பதிவிறக்கத்தின் ஒவ்வோர் இரண்டு பாக்கெட்டுக்கும் 'கிடைத்தது' என்று ஒரு சிறு பாக்கெட் திரும்பிப் போக வேண்டும். 40 எம்பிபிஎஸ் இறக்கத்துக்கு இந்தப் பதில்கள் மட்டுமே ஏறத்தாழ 0.7 எம்பிபிஎஸ் ஏற்றத்தை எடுக்கும். அவை பின்னால் சிக்கினால் முன்னால் வருவதும் நின்றுவிடும்.

மருந்து ஒன்றுதான்: வரிசையை மொடத்திலிருந்து பிடுங்கி, அறிவுள்ள ஒரு பெட்டிக்குள் கொண்டுவருவது. அந்தப் பெட்டி மொடத்தால் அனுப்ப முடிந்ததைவிடச் சற்றுக் குறைவாக விட்டால் மொடத்துக்குள் அடுக்கு சேராது. கேக் அல்லது எஃப்கியூ-கோடெல் என்ற வரிசை முறை அந்தப் பெட்டியில் ஓட வேண்டும். இந்த ஏற்பாட்டின் பெயர்தான் எஸ்கியூஎம். ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய சிறு ரவுட்டர் போதும். யுனிட்டி பிளாசாவில் வாங்கப் போகுமுன் மாதிரியின் பெயரோடு வன்பொருள் பதிப்பு எண்ணையும் ஓப்பன்-டபிள்யூஆர்டி ஆதரவுப் பட்டியலில் பாருங்கள். ஒரே பெயரில் பதிப்பு 2 ஏற்கும், பதிப்பு 3 ஏற்காது. பெட்டிக்கு வெளியே இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

1. நிறுவனத்தின் 4ஜி ரவுட்டர் அப்படியே இருக்கட்டும். அதன் லான் துளையிலிருந்து (வீட்டுப் பக்கம்) புதிய ரவுட்டரின் வான் துளைக்கு (இணையப் பக்கம்) வயர் கொடுங்கள்.

2. இரண்டும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் ஒன்றும் வேலை செய்யாது. புதியதை 192.168.10.1 ஆக்குங்கள்.

3. பழைய ரவுட்டரின் வைஃபையை நிறுத்துங்கள். பெரும்பாலானோர் மறக்கும் படி இதுதான். ஹோலில் உள்ள ரீவி பழைய வைஃபையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதன் முழுப் போக்குவரத்தும் உங்கள் புதிய பெட்டியைச் சுற்றி வெளியே போய்விடும். பிறகு "எஸ்கியூஎம் வேலை செய்யவில்லை" என்ற புலம்பல்தான்.

4. லூசி-ஆப்-எஸ்கியூஎம் பொதியை நிறுவி, நெட்வேர்க் பட்டியலில் எஸ்கியூஎம் பக்கத்தைத் திறந்து, இடைமுகமாக வானைத் தெரிவுசெய்யுங்கள். வரிசை முறை கேக், செயல்நிரல் பீஸ்-ஆஃப்-கேக்.

5. இரவு 8.30க்கு எடுத்த அளவுகளில் ஆகக் குறைந்ததை எடுத்து அதில் 85 விழுக்காடு இடுங்கள். 18 இறக்கம், 3.2 ஏற்றம் வந்திருந்தால் 15300, 2700. அலகு கிலோபிட்; மெகாபிட் என்று நினைத்து 15 என்று இட்டால் இணையம் செத்துவிடும்.

6. மேம்பட்ட தெரிவுகளில் ஏற்றத்துக்கு நாட், டூயல்-எஸ்ஆர்சி-ஹோஸ்ட். இறக்கத்துக்கு நாட், டூயல்-டிஎஸ்டி-ஹோஸ்ட் சேருங்கள். இவை இல்லாவிட்டால் பங்கீடு இணைப்புக்கு இணைப்பு நடக்கும்; 40 இணைப்பு திறக்கும் டொரண்ட் லப்டொப் 40 பங்கு வாங்கும். இவை இருந்தால் ஆளுக்கு ஒரு பங்கு.

7. ஃபயர்வோல் பக்கத்தில் ஃப்ளோ ஆஃப்லோடிங் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். அது பாக்கெட்டுகளைக் குறுக்கு வழியில் அனுப்பி, வரிசையைத் தாண்டவைக்கும்.

மறுபடி சோதியுங்கள். சுமைத் தாமதம், சும்மா இருக்கும்போதுள்ளதைவிட 30 முதல் 50 மில்லிசெக்கனுக்கு மேல் கூடக்கூடாது. கூடினால் எந்தத் திசையில் கூடுகிறதோ அந்த எண்ணை 10 விழுக்காடு குறையுங்கள். சரியாக இருந்தால் 5 விழுக்காடு கூட்டிப் பார்க்கலாம்.

15 விழுக்காட்டை இழப்பது பலருக்கு மனம் வராது. காலை 6 மணிக்கு வந்த 40ஐ வைத்து 34 என்று இட்டுவிடுவார்கள். இரவில் கோபுரம் 18தான் தருகிறது. 34 என்ற வாசலில் வரிசையே சேராது, மொடத்துக்குள் பழையபடி அடுக்கு. காலை வேகத்தையும் விட மனமில்லாதவர்களுக்கு கேக்-ஆட்டோரேட் என்ற இலவசச் செயல்நிரல் இருக்கிறது. ஓயாமல் பிங் என்ற சோதனைப் பாக்கெட் அனுப்பித் தாமதம் ஏறும்போது வாசலைச் சுருக்கும், இறங்கும்போது விரிக்கும். அதற்கு மூன்று எண்கள் கொடுக்க வேண்டும்: குறைந்தது, அடிப்படை, கூடியது. மேலே சொன்ன இணைப்புக்கு இறக்கம் 5, 15, 40. ஏற்றம் 1, 2.5, 8 என்று தொடங்கலாம். 4ஜி போல மணிக்கு மணி மாறும் இணைப்புக்கு நிலையான எண்ணைவிட இதுவே பொருத்தம்.

புதிய பெட்டி வாங்க வசதியில்லையா? கணக்குப் போட்டு வேண்டுதலைக் குறையுங்கள். சூம் தன் தேவைப் பட்டியலில் குழு வகுப்புக்கு 720பி தரத்தில் ஏற்றம் 2.6, இறக்கம் 1.8 எம்பிபிஎஸ் என்கிறது. ஓ/எல் படிக்கும் ஒரு பிள்ளை, ஏ/எல் படிக்கும் ஒரு பிள்ளை, இருவரும் ஒரே நேரம் வகுப்பில் என்றால் ஏற்றம் மட்டும் 5.2. கையில் இருப்பது 2.7. எச்டி தெரிவை நிறுத்தினால் ஆளுக்கு 1.0, மொத்தம் 2.0, மீதியில் அப்பாவின் அழைப்பும் போகும். கமராவை கிளவுடுக்கு அனுப்பும் வீடுகளில் பிரதான ஓட்டத்துக்குப் பதிலாகத் துணை ஓட்டத்தைத் தெரிவுசெய்து 512 கிலோபிட்டில் நிறுத்துங்கள். போன்களின் படக் காப்பை இரவுக்குத் தள்ளுங்கள். பக்கேஜில் நள்ளிரவுக்குப் பிந்திய டேட்டா தனியாக இருந்தால் இரட்டை லாபம்.

"மைக்ரோடிக்கில் ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் போட்டேன், ஒருவரும் அடங்குவதாக இல்லை"

மைக்ரோடிக் என்ற வகை ரவுட்டர் வைத்திருக்கும் போர்டிங், ரியூட்டரி, புறக்கோட்டைக் கடை மாடி போன்ற இடங்களில் கேட்கும் குறை இது. நான்கு பிழைகளில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது ஃபாஸ்ட்ட்ராக். தொழிற்சாலை அமைப்பிலேயே ஃபயர்வோல் ஃபில்டர் பட்டியலில் இந்த வரி இருக்கிறது. அதன் வழியே போகும் இணைப்புகள் வேக வரம்பு எழுதும் இடமான சிம்பிள் கியூவை எட்டிக்கூடப் பார்க்காது. கியூவின் பைட் எண்ணி அசையாமல் நின்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். வரியை முடக்கி, இருக்கும் இணைப்புகளையும் அழியுங்கள் அல்லது ரவுட்டரை மறுதொடக்கம் செய்யுங்கள். ஏற்கெனவே குறுக்கு வழியில் ஏறிய இணைப்புகள் முடியும்வரை அதிலேயே போகும்.

இரண்டாவது திசை. கட்டளை வரியில் மேக்ஸ்-லிமிட்டின் முதல் எண் ஏற்றம், இரண்டாவது எண் இறக்கம். 15, 2.7 என்று மாற்றி எழுதியவர்களின் வீட்டில் யூடியூப் 2.7இல் திணறும், ஏற்றம் கட்டில்லாமல் ஓடும்.

மூன்றாவது முன்னுரிமை எண். 1 முதல் 8 வரை. 1 மேல், 8 கீழ். மேலே மேக்ஸ்-லிமிட் உள்ள ஒரு தாய் கியூ இல்லாவிட்டால் இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. யாரோடு ஒப்பிட்டு முந்துவது?

நான்காவது உத்தரவாதக் கணக்கு. லிமிட்-அட் என்பது நெரிசலிலும் கிடைக்க வேண்டிய பங்கு, மேக்ஸ்-லிமிட் என்பது ஆள் இல்லாதபோது எட்டக்கூடிய உச்சம். 15 எம்பிபிஎஸ் தாய்க்குக் கீழே 12 பேருக்குத் தலா 2 உத்தரவாதம் என்றால் 24. இல்லாத 9க்கு எழுதிய காசோலை. தலா 1 கொடுத்து, உச்சத்தை 8 ஆக்குங்கள். தலா 2 என்று கட்டிப்போடுவதும் வீண். மற்றப் பதினொரு பேரும் ஊருக்குப் போன பொங்கல் நாளில்கூட மிச்சமிருப்பவர் 2க்கு மேல் பார்க்க மாட்டார்.

இந்தத் தலையிடி எதுவும் வேண்டாம் என்றால் ஒரே வரி போதும். முழு 192.168.88.0/24 வலையையும் இலக்காக வைத்து, மேக்ஸ்-லிமிட் 2.7, 15 கொடுத்து, கியூ வகையாக, மைக்ரோடிக்கின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ்ஸில் ஏற்கெனவே உள்ள பிசிகியூ அப்லோட், பிசிகியூ டவுன்லோட் இயல்புநிலைகளைத் தெரிவுசெய்யுங்கள். யார் அந்த நேரம் பயன்படுத்துகிறார்களோ அவர்களுக்குள் சமமாகப் பிரியும். பதிப்பு 7 ஓடினால் கேக் வகையே இருக்கிறது. அதையே வைப்பது சிறந்தது. பிசிகியூ ஆட்களைப் பிரிக்குமே தவிர ஒருவரின் சொந்தப் பங்குக்குள் அவரது அழைப்பையும் அவரது பதிவிறக்கத்தையும் பிரிக்காது.

"ராத்திரியில் மட்டும், ஒருத்தர் மட்டும் பாவிச்சாலும் மெதுவு"

இரவு 7 முதல் 11 வரை இரு திசையும் விழுகிறது, சும்மா இருக்கும் பிங்கே 120க்கு மேல், ஆர்எஸ்ஆர்பி காலையில் இருந்ததுபோலவே இருக்கிறது. கோபுரம் நிரம்பியிருக்கிறது என்பதன் அடையாளம் இது.

20 மெகாஹேர்ட்ஸ் எல்டிஇ செல் ஒன்றில் 180 கிலோஹேர்ட்ஸ் அகலமுள்ள 100 துண்டுகள் உண்டு. ஒவ்வொரு மில்லிசெக்கனும் அவற்றை யார் யாருக்கு என்று கோபுரம் புதிதாகப் பங்கிடுகிறது. பங்கிடும் முறை பொதுவாக விகிதாசார நீதி எனப்படுவது: ஒவ்வொருவரின் சராசரியோடு ஒப்பிட்டு, அந்தக் கணத்தில் யாருக்குச் சிக்னல் நல்லதோ அவருக்குத் தரும், எவரையும் முற்றாகப் பட்டினி போடாது. நீண்ட காலத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் நேரம் ஏறத்தாழச் சமம். ஆனால் அந்த நேரத்தில் எத்தனை பிட் ஏற்றலாம் என்பதை உங்கள் எஸ்ஐஎன்ஆர்தான் முடிவுசெய்யும். ஒரே பந்தியில் ஒரே நேரம் இருந்தாலும் ஒருவர் இலை நிறையச் சாப்பிடுகிறார், மற்றவர் அரை இலையோடு எழும்புகிறார். ஆகவே நெரிசல் கோபுரத்திலும் உங்கள் பக்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு: எஸ்ஐஎன்ஆரைக் கூட்டுவது. 3இலிருந்து 13க்கு ஏற்றினால் அதே பங்கு நேரத்தில் இரண்டு மடங்குக்கு மேல் பெறலாம்.

எஸ்கியூஎம் இங்கே புதிய வேகத்தைப் படைக்காது. கிடைப்பதை வீட்டுக்குள் நியாயமாகப் பிரிக்கும், அவ்வளவுதான்.

வகுப்புக்கு, அழைப்புக்கு முன்னுரிமை கேட்டுக் கோபுரத்திடம் போக முடியாதா என்று கேட்பார்கள். முன்னுரிமை என்ற ஏற்பாடு அங்கே இருக்கிறது. எல்டிஇயில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கியூசிஐ என்ற வகுப்பு எண் உண்டு. வோல்டிஇ (4ஜி வழியே போகும் சாதாரண போன் அழைப்பு) குரலுக்கு கியூசிஐ 1: உத்தரவாத வேகம், 100 மில்லிசெக்கன் தாமத வரம்பு. சாதாரண இணையம் வழமையாக கியூசிஐ 9: உத்தரவாதம் இல்லை, 300 மில்லிசெக்கன் வரம்பு. உங்கள் வட்ஸ்அப் அழைப்பும் பக்கத்து வீட்டு யூடியூபும் அந்த 9ஆம் வரிசையில்தான் தோளோடு தோள் நிற்கின்றன. ரவுட்டரில் நீங்கள் இடும் டிஎஸ்சிபி என்ற முன்னுரிமை அடையாளம் அந்த வரிசையை மாற்றாது. திறப்பு நிறுவனத்தின் கையில். கொழும்பில் முன்னர் ஓடிய வைமாக்ஸ் என்ற கம்பியில்லா இணையத்திலும் இதே கதைதான். 802.16 தரத்தில் குரலுக்குக் கேட்காமலே நேரம் ஒதுக்கும் யூஜிஎஸ், வீடியோவுக்கு ஆர்டிபிஎஸ், மிஞ்சியதுக்கு பெஸ்ட் எஃபர்ட் என்று வகுப்புகள் அழகாக இருந்தன. வகுப்பைத் தீர்மானித்தது அங்கும் வாடிக்கையாளர் இல்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறை உபாயம்: இரவில் முக்கியமான உள்நாட்டு அழைப்பு என்றால் செயலியை விட்டு, வோல்டிஇ இயங்கும் போனிலிருந்து சாதாரண எண்ணுக்கே அழையுங்கள். அது முன் வரிசையில் போகும்.

பட்டை மாற்றிப் பார்ப்பதும் பலன் தரலாம். ரவுட்டர் தானாகப் பிடிப்பது பலமான பட்டையை. பலமானது காலியாக இருக்க வேண்டும் என்றில்லை. நிர்வாகப் பக்கத்தில் பட்டைத் தெரிவு இருந்தால் 1800 மெகாஹேர்ட்ஸின் பட்டை 3ஐயும் பட்டை 40ஐயும் தனித்தனியே பூட்டி, இரவு 8.30க்கு அளவெடுத்து ஒப்பிடுங்கள். காலையில் ஒப்பிட்டால் பிழையான பட்டை வெல்லும். வேறு நிறுவனத்தின் சிம்மையும் அதே நேரத்தில் ஒரு போனில் போட்டுச் சோதித்துவிட்டுத்தான் மாறுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

"கோடு ஐந்தும் நிறைந்திருக்கு, வேகம் மட்டும் இல்லை"

ஆர்எஸ்ஆர்பி −78, எஸ்ஐஎன்ஆர் 2. எட்டாம், பன்னிரண்டாம் மாடிகளில் இது வழக்கம். கோபுரங்களின் அன்டெனா தெருவை நோக்கிச் சரிந்திருக்கும். உயர்மாடி ஜன்னலுக்கு ஒரே அலைவரிசையில் நாலைந்து கோபுரங்கள் ஒரே நேரத்தில் கேட்கும். ஒன்றின் சிக்னல் மற்றதற்குச் சத்தம்.

ரவுட்டரை ஜன்னலிலிருந்து சற்று உள்ளே, ஒரு கொங்கிரீட் தூணுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். சிக்னல் குறைந்து வேகம் கூடும். அதிசயம் இல்லை, தூண் தேவையில்லாத கோபுரங்களை மறைக்கிறது. 50 சென்ரிமீற்றர் நகர்த்தி, ஒரு நிமிடம் பொறுத்து, எஸ்ஐஎன்ஆரைக் குறியுங்கள். வீட்டின் நான்கு பக்கத்திலும் செய்தால் அரை மணி நேர வேலை, செலவில்லை.

திசை அன்டெனா அடுத்த படி. இரண்டு வயர் உள்ளதை வாங்கி, இரண்டையும் இணைக்க வேண்டும். ஒன்றை மட்டும் இணைத்தால், ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டம் அனுப்பும் மைமோவின் இரண்டாவது ஓட்டம் போய்விடும். வயரில்தான் காசு கரையும்: மெல்லிய ஆர்ஜி-58 வயர் 2.3 கிகாஹேர்ட்ஸில் மீற்றருக்கு ஏறத்தாழ 1 டெசிபெல் தின்னும். 10 மீற்றர் இழுத்தால் 9 டெசிபெல் அன்டெனாவின் ஆதாயம் வழியிலேயே தீர்ந்துவிடும். எல்எம்ஆர்-400 என்றால் அதே தூரத்துக்கு 2 டெசிபெல்லுக்குச் சற்று மேல். அதைவிட நல்ல வழி, பிஓஇ (ஈதர்நெட் வயரிலேயே மின்சாரம்) கொண்ட வெளிப்புற 4ஜி பெட்டியை பல்கனியில் பொருத்தி, ஈதர்நெட் வயரை உள்ளே இழுப்பது. 100 மீற்றர்வரை இழப்புப் பற்றி யோசிக்கவே வேண்டாம். உட்புற ரவுட்டரையே பல்கனியில் வைக்காதீர்கள். மரைன் டிரைவ் பக்கப் பல்கனிகள் மேற்குப் பார்த்தவை. பிற்பகல் வெயிலில் பெட்டி கொதித்து, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கடற்கரைப் பக்கம் இன்னொரு எதிரி உப்புக்காற்று. அன்டெனா கனெக்டரில் பச்சை படிந்தால் மாதத்துக்கு மாதம் எஸ்ஐஎன்ஆர் இறங்கும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை கீழிருந்து மேலாக, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்றுங்கள். வயர் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், மழைநீர் அங்கே சொட்டிவிடும். மழை வந்தால் சிக்னல் போகும் என்பது டிஷ் ரீவி பழக்கத்தில் வந்த நம்பிக்கை. 2.3 கிகாஹேர்ட்ஸில் கடும் மழைகூடக் கிலோமீற்றருக்கு 0.1 டெசிபெல்லைக் குறைக்காது. மழை நாளில் மட்டும் இணைப்பு விழுந்தால் கனெக்டருக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைகளில் கிடைக்கும் சிக்னல் பூஸ்டர் வேண்டவே வேண்டாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் உரிமமில்லாமல் வானொலி அலை அனுப்பும் கருவிகளுக்கு இடம் தராது. அது சிக்னலோடு சத்தத்தையும் பெருக்கும். உங்கள் கோடுகள் கூடும், அக்கம்பக்கத்தின் ஏற்றம் கெடும்.

"ஹோலில் நல்லம், அறையில் விட்டு விட்டு வருது"

வயர்ச் சோதனை நன்றாக இருந்தால் குற்றவாளி வைஃபை. வைஃபையில் பங்கிடப்படுவது நேரம். 1500 பைட் பாக்கெட் ஒன்றை 54 எம்பிபிஎஸ்ஸில் அனுப்ப 0.22 மில்லிசெக்கன், மூலையில் இருக்கும் பழைய போன் 1 எம்பிபிஎஸ்ஸில் அதே பாக்கெட்டை வாங்க 12 மில்லிசெக்கன். அந்த 12 மில்லிசெக்கனும் மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

2.4 கிகாஹேர்ட்ஸில் 802.11பி கால வேகங்களை நிறுத்துங்கள். அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் கட்டுங்கள். சனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று. தொடர்மாடியில் பத்திருபது வீட்டு வைஃபை தெரியும்போது 'கொஞ்சம் காலியாக இருக்கு' என்று 3இல் வைத்தால் 1ஐயும் 6ஐயும் சேர்த்து வாங்கிக்கொள்வீர்கள். ரீவியையும் லப்டொப்பையும் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ரீவி அசையாத பொருள், அதற்கு வயரே மேல். அறைக்கு இரண்டாவது அக்சஸ் பொயின்ட் தேவை என்றால் வயர் இழுத்து வையுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும்.

"அழைப்புக்கு முன்னுரிமை அடையாளம் போட்டும் குரல் வெட்டுது"

குரலுக்கு டிஎஸ்சிபி 46 இடுவது சரியான பழக்கம். ஆனால் பல அக்சஸ் பொயின்ட்கள் அந்த ஆறு பிட்டில் முதல் மூன்றை மட்டும் பார்க்கும். 46 இரும எண்ணில் 101110. முதல் மூன்று 101, அதாவது 5. வைஃபையின் டபிள்யூஎம்எம் என்ற முன்னுரிமைக் கணக்கில் 5 வீடியோ வகுப்பு, குரல் வகுப்பு 6இலும் 7இலும். குரல் வீடியோ வரிசையில் போய் நிற்கிறது. 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325 இதை 6க்கு மாற்றச் சொல்கிறது. கியூஓஎஸ் மேப் அமைப்பு இருந்தால் 46ஐ 6க்குக் கட்டுங்கள்.

அழைப்புகள் போகும் யூடிபி என்ற அனுப்பும் முறை எல்லாவற்றுக்கும் முன்னுரிமை கொடுக்கும் விதியையும் சிலர் எழுதிவைத்திருப்பார்கள். யூடியூப் கியூயிக் என்ற நெறிமுறை வழியாக யூடிபி 443இல்தான் ஓடுகிறது. அதையும் சேர்த்து முன்னால் விட்டுவிடுகிறீர்கள். விதி எழுதத்தான் வேண்டும் என்றால் துறை எண்ணோடு எழுதுங்கள்: சூம் யூடிபி 8801 முதல் 8810, டீம்ஸ் 3478 முதல் 3481, கூகுள் மீட் 19305 முதல் 19309. கேக் ஓடும் வீட்டில் இதற்குப் பெரிதாகத் தேவையில்லை. மெல்லிய ஓட்டங்களை அது தானாகவே முன்னால் விடும்.

"விபிஎன் இணையுது, ஃபைல் திறக்குதில்லை"

வேகத்தோடு தொடர்பில்லாத நோய் இது. பெரிய பாக்கெட் வழியில் மாட்டுகிறது. துண்டாக்கத் தடைபோட்டு 1472 பைட் பிங் அனுப்புங்கள். போகாவிட்டால் பத்துப் பத்தாகக் குறையுங்கள். போகும் எண்ணோடு 28ஐக் கூட்டினால் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. 1392 போனால் 1420. அதிலிருந்து 40ஐக் கழித்து 1380 என்று எம்எஸ்எஸ் (அதற்குள் டேட்டாவுக்கு மிஞ்சும் அளவு) கட்டுப்பாட்டில் இடுங்கள். இது விபிஎன்னுக்கு வெளியிலான அளவு. விபிஎன் தானும் சுற்றுச் சேர்க்கும். வயர்கார்ட் என்ற விபிஎன் வகை ஐபிவி4இல் 60 பைட் எடுக்கும். ஆகவே அதன் எம்டியூவை 1360க்கு இறக்குங்கள்.

"ஒரு நாளிலிருந்து எந்நேரமும் ஒரே வேகம், அசையுதேயில்லை"

காலை, மாலை, இரவு எல்லாம் 1.0 அல்லது 2.0 எம்பிபிஎஸ் என்று கோடு கீறினதுபோல நின்றால் அது நெரிசல் இல்லை. நெரிசல் ஏறி இறங்கும். நியாயப் பயன்பாட்டு எல்லையைத் தாண்டியதும் நிறுவனத்தின் பக்கம் போட்ட கட்டு இது. நிறுவனத்தின் செயலியில் மீதி டேட்டாவைப் பாருங்கள். எஸ்கியூஎம் எண்ணை அந்தக் கட்டுக்கும் கீழே, 2.0 என்றால் 1.7க்கு, இறக்கினால் அந்த ஒடுக்கத்திலும் ஒரு வகுப்பு ஒழுங்காக ஓடும். கட்டு பாக்கெட்டுகளைக் கண்ணைமூடிக் கைவிடும். கேக் எதைக் கைவிடலாம் என்று பார்த்துக் கைவிடும்.

"கரண்ட் வந்து பத்து நிமிஷம் ஒண்டும் ஓடாது"

கரண்ட் வந்ததும் கமரா, போன், கணினி எல்லாம் நிலுவையை ஒரேயடியாக ஏற்றும். அண்டை வீடுகளும் அதையே செய்யும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போதும். வாங்குமுன் அடப்டரின் அம்பியரைப் பாருங்கள்: 2 அம்பியர் கேட்கும் ரவுட்டரை 1 அம்பியர் யூபிஎஸ்ஸில் போட்டால் சிக்னல் தேடும் நொடியில் மறுதொடக்கமாகும். புதிய ரவுட்டரும் இருந்தால் இரண்டின் அம்பியரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நிறுவனத்துக்கு முறைப்பாடு செய்யுமுன்

'நெட் ஸ்லோ' என்று சொன்னால் ரவுட்டரை நிறுத்திப் போடச் சொல்வார்கள். இரண்டு நாள், மூன்று வேளை, வயரில் எடுத்த இறக்கம், ஏற்றம், சும்மா பிங், சுமை பிங். கூடவே ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், பட்டை, பிசிஐ. இத்தனையும் ஒரே தாளில் இருந்தால் முறைப்பாடு முதல் மேசையைத் தாண்டிப் பொறியியல் பிரிவுக்குப் போகும். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிவையுங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் போக நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.